நிகழ்படம் வழி இடைநிலைப் பிரெஞ்சு மொழி கற்றல்

நிகழ்படம் வழி இடைநிலைப் பிரெஞ்சு மொழி கற்றல் என்பது, பிரெஞ்சு மொழியின் அடிப்படை இலக்கணத்தையும் அன்றாடச் சொற்களையும் ஏற்கனவே அறிந்த ஒருவர், அம்மொழியில் அமைந்த தொலைக்காட்சி நிகழ்ச்சிகள், திரைப்படங்கள், இணைய நிகழ்படங்கள் முதலியவற்றைத் தொடர்ந்து பார்த்துத் தமது கேட்டல் திறனையும், அதன் வழியாகப் பேச்சுத் திறனையும் வளர்த்துக்கொள்ளும் முறையாகும். தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் பள்ளி, கல்லூரிகளில் பிரெஞ்சு பயின்றோர், பிரான்சிலும் கனடாவின் கியூபெக் மாகாணத்திலும் குடியேறிய தமிழர் ஆகிய இரு சாராருக்கும் இம்முறை பயன்படுகின்றது. முதல் சாராருக்கு எழுத்து தெரியும், காது பழகவில்லை. இரண்டாம் சாராரில் பலருக்கு வேலையிடத்துப் பேச்சு காதில் விழுந்து பழகியிருக்கும், ஆனால் செய்தியும் விவாதமும் புரிவதில்லை.

இடைநிலை என்பதன் பொருள்

ஐரோப்பியப் பேரவை 2001இல் வெளியிட்ட மொழிகளுக்கான ஐரோப்பியப் பொதுச் சட்டகம், மொழித் திறனை ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என ஆறு நிலைகளாகப் பிரிக்கின்றது. இவற்றுள் பி1, பி2 ஆகிய இரண்டும் இடைநிலை எனப்படுகின்றன. இச்சட்டகம் கேட்டல் திறனை வரையறுக்கும்போது தொலைக்காட்சியையே அளவுகோலாகக் கொள்வது குறிப்பிடத்தக்கது. ஓரளவு மெதுவாகவும் தெளிவாகவும் பேசப்படும் நிகழ்ச்சிகளின் மையக் கருத்தைப் புரிந்துகொள்பவர் பி1 நிலையினர். பெரும்பாலான தொலைக்காட்சிச் செய்திகளையும், பொது வழக்கில் அமைந்த பெரும்பாலான திரைப்படங்களையும் புரிந்துகொள்பவர் பி2 நிலையினர். ஆகவே இந்நிலையில் நிகழ்படம் கற்கும் கருவியாக மட்டுமன்றி, அடைய வேண்டிய இலக்காகவும் அமைகின்றது.

இந்த எழுத்துகளும் எண்களும் குடியேறியோரின் வாழ்வில் நேரடி விளைவு கொண்டவை. பிரான்சில் 2024 சனவரி 26ஆம் நாளிட்ட குடிவரவுச் சட்டத்தின்படி, 2026 சனவரி 1 முதல் பல்லாண்டு வதிவிட அனுமதிக்கு ஏ2, பத்தாண்டு வதிவிட அட்டைக்கு பி1, குடியுரிமைக்கு பி2 ஆகிய நிலைகள் பொது விதியாக வேண்டப்படுகின்றன. இதற்கு முன்னர் குடியுரிமைக்கு பி1 போதுமானதாக இருந்தது. உணவகச் சமையலறையிலும் துப்புரவுப் பணியிலும் பல ஆண்டுகளைக் கழித்த ஈழத்தமிழர் ஒருவருக்கு, பி1 நிலைக்கும் பி2 நிலைக்கும் இடையிலான தொலைவு சிறிதன்று. வேலை முடிந்து மாலை வகுப்புக்குச் செல்ல இயலாதவருக்குக் கைப்பேசியில் உள்ள நிகழ்படமே பெரும்பாலும் எஞ்சுகின்றது.

தமிழகப் பின்னணி

பிரெஞ்சு ஆட்சிக்கு உட்பட்டிருந்த புதுச்சேரி 1954 நவம்பர் 1 அன்று நடைமுறையிலும், 1962 ஆகத்து 16 அன்று சட்டப்படியும் இந்தியாவுடன் இணைந்தது. 1956ஆம் ஆண்டு ஒப்பந்தம், மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டோர் வேறு முடிவு செய்யும் வரை பிரெஞ்சு ஆட்சிமொழியாக நீடிக்க வகை செய்தது. 1826இல் நிறுவப்பட்ட பிரெஞ்சுப் பள்ளியான லிசே இன்றும் அங்கு இயங்குகின்றது. கொம்யூன் பஞ்சாயத்து என்னும் நிருவாகப் பெயரிலும், காவலரின் சிவப்புத் தொப்பியிலும் பிரெஞ்சின் தடம் இருப்பினும், தெருவில் நடந்தபடியே அம்மொழியைக் கேட்டுப் பழகலாம் என்று எண்ணிச் செல்பவர் ஏமாற்றம் அடைவார். புதுச்சேரித் தெருக்களின் மொழி தமிழே.

தமிழ்நாட்டில் பிரெஞ்சு பரவியதற்குக் காரணம் பெரும்பாலும் தேர்வு மதிப்பெண்ணாகும். மேல்நிலை வகுப்புகளில் தமிழுக்கு மாற்றாக முதல்மொழித் தாளில் பிரெஞ்சைத் தேர்ந்தெடுத்தால் கூடுதல் மதிப்பெண் பெறலாம் என்னும் எண்ணம் நகர்ப்புறத் தனியார் பள்ளிகளில் வேரூன்றியது. 2006ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டம் பத்தாம் வகுப்பு வரை தமிழைப் படிப்படியாகக் கட்டாயமாக்கிய பின்னரும், மேல்நிலை வகுப்புகளில் இவ்வாய்ப்பு நீடித்தது. அத்தேர்வு எழுத்துத் தேர்வாகும். வினைச்சொல் வாய்பாடுகளை மனனம் செய்து மிக உயர்ந்த மதிப்பெண் பெற்ற மாணவர், ஒரு பிரெஞ்சுச் செய்தி அறிக்கையின் முதல் மணித்துளியைக் கேட்டுத் திகைப்பது இதன் இயல்பான விளைவு. இம்மாணவரின் குறை இலக்கண அறிவில் இல்லை என்பதைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

அலியான்சு பிரான்சேசு கிளைகள் புதுச்சேரியில் 1889 முதலும் சென்னையில் 1953 முதலும் வகுப்புகளை நடத்தி வருகின்றன. ஆனால் பெரம்பலூர் மாவட்டத்தில் சர்க்கரை ஆலை அமைந்துள்ள எறையூர் போன்ற ஓர் ஊரிலிருந்து புதுச்சேரி நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. வாரம் இருமுறை வகுப்புக்குச் சென்று திரும்புதல் அங்கு வாழ்பவர்க்கு இயலாது. பெருநகருக்கு வெளியே உள்ள கற்போருக்குப் பிரெஞ்சு ஒலி கிடைக்கும் முதன்மை வழி இணையமே ஆகும்.

எழுத்துப் பிரெஞ்சும் பேச்சுப் பிரெஞ்சும்

இடைநிலையில் கற்போர் எதிர்கொள்ளும் முதன்மையான தடை, நூலில் கற்ற மொழிக்கும் மக்கள் பேசும் மொழிக்கும் உள்ள இடைவெளியாகும். ‘எனக்குத் தெரியாது’ என்பதற்குப் பாடநூல் ‘ஜெ நெ சே பா’ என்று கற்பிக்கின்றது. பேச்சில் எதிர்மறை இடைச்சொல்லான ‘நெ’ மறைந்து, எஞ்சியவை சுருங்கி, ‘ஷே பா’ என்று ஒலிக்கின்றது. ‘இல்லை’ எனப் பொருள்படும் ‘இல் நியா பா’ வெறும் ‘யா பா’ ஆகின்றது. ‘நாம்’ என்பதற்குரிய ‘நூ’ பேச்சில் அருகி, அதன் இடத்தில் ‘ஓன்’ வருகின்றது. இவை கல்லாதோர் பேச்சு அல்ல. பேராசிரியரும் அமைச்சரும் வீட்டில் இவ்வாறே பேசுகின்றனர்.

ஆங்கிலம் வழியாகப் பிரெஞ்சைக் கற்போருக்கு இது வியப்பளிக்கலாம். தமிழருக்கு வியப்பளிக்கக் கூடாது. ‘வந்துவிட்டான்’ என்று எழுதி ‘வந்துட்டான்’ என்று பேசுவதும், ‘இருக்கிறது’ என்று எழுதி ‘இருக்கு’ என்று பேசுவதும் நம் இயல்பு. தமிழை நூல்வழி மட்டும் கற்ற ஓர் அயல்நாட்டவர் மதுரைப் பேருந்து நிலையத்தில் என்ன உணர்வாரோ, அதையே தமிழ்நாட்டில் பிரெஞ்சு கற்றவர் பாரிசு தொடர்வண்டி நிலையத்தில் உணர்கின்றார். அந்த அயல்நாட்டவருக்கு நாம் கூறும் அறிவுரை ‘தமிழ்ப் படம் பாருங்கள்’ என்பதாகவே இருக்கும்.

மற்றொரு தடை, சொற்களின் எல்லை காதுக்குத் தெரியாமை. பிரெஞ்சில் ஒரு சொல்லின் ஈற்று மெய், அடுத்த சொல்லின் முதல் உயிருடன் சேர்ந்து ஒலிக்கும். ‘அவன் வருகிறான்’ எனப் பொருள்படும் ‘இல் அரீவ்’, காதில் ‘இலாரீவ்’ என்று விழுகின்றது. தமிழில் ‘அவள் அழகி’ என்பது ‘அவளழகி’ ஆகும் அதே புணர்ச்சி. எழுத்தில் மட்டும் நின்று ஒலிக்காத மெய், அடுத்து உயிர் வரும்போது உயிர்பெறுவதும் உண்டு. ‘லே’, ‘ஆமி’ என்னும் சொற்கள் சேரும்போது இடையில் ‘ஸ்’ போன்ற ஓர் அதிரொலி தோன்றி ‘லேஸாமி’ ஆகின்றது. வினாவில் இரண்டு உயிர்களுக்கு இடையே ‘த்’ நுழையும் ‘ஆ-தில்’ போன்ற வடிவங்கள் நம் உடம்படுமெய்க்கு மிக நெருங்கியவை. புணர்ச்சி விதிகளைப் படித்த தமிழ் மாணவர் இதை எளிதில் விளங்கிக்கொள்வார். ஆயினும் விதியை அறிந்திருப்பது வேறு, ஓடும் பேச்சில் சொற்களைப் பிரித்துக் கேட்பது வேறு. பின்னது நூற்றுக்கணக்கான மணி நேரம் கேட்பதால் மட்டுமே வரும்.

தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்ளும் பழக்கம்

கேட்டதைத் தமிழ் எழுத்தில் குறித்துக்கொள்ளும் பழக்கம் நம்மவரிடம் பரவலாக உண்டு. இடைநிலையில் இதைக் கைவிடுதல் நல்லது. பிரெஞ்சில் மீன், பானம், நஞ்சு ஆகிய மூன்றையும் குறிக்கும் சொற்களைத் தமிழில் எழுதினால் மூன்றும் ‘புவாசோன்’ என்றே அமையும். மீனுக்கும் பானத்துக்கும் உள்ள வேறுபாடு முதல் எழுத்தின் வல்லொலி, மெல்லொலி மட்டுமே. மீனுக்கும் நஞ்சுக்கும் உள்ள வேறுபாடு நடுவில் வரும் சகரம் அதிர்வதா இல்லையா என்பது மட்டுமே. உணவகத்தில் இம்மூன்றையும் குழப்பிக்கொள்வது விரும்பத்தக்கதன்று. தமிழில் ககரமும் பகரமும் சொல்லில் நிற்கும் இடத்தைப் பொறுத்து ஒலி மாறுவதால், இவ்வேறுபாட்டைப் பொருள் வேறுபாடாகக் கேட்க நம் செவி தனியே பழக வேண்டியுள்ளது.

உயிரொலிகளில் ‘இ’ என்று சொல்ல நாவை வைத்து, ‘உ’ என்று சொல்ல உதட்டைக் குவித்தால் வரும் ஒலி தமிழில் இல்லை. ‘நீ’ எனப் பொருள்படும் சொல்லிலேயே அது வருகின்றது. மாறாக, கடினம் என்று பெயர்பெற்ற மூக்குயிர் ஒலிகள் தமிழருக்கு அந்நியமானவை அல்ல. பேச்சுத் தமிழில் ‘வந்தான்’, ‘மரம்’ ஆகியவற்றின் ஈற்று மெய் தனித்து ஒலியாமல், முன்னுள்ள உயிரை மூக்கொலியாக்கி மறைகின்றது. பிரெஞ்சு மூக்குயிர்களும் இத்தகையனவே. அவற்றுள் ஒன்றுக்கொன்று உள்ள வேறுபாட்டை மட்டும் கேட்டுப் பழகினால் போதும்.

வரலாறு

படத்தையும் ஒலியையும் இணைத்துப் பிரெஞ்சு கற்பிக்கும் முறை பிரான்சிலேயே உருவானது. 1950களில் சொழ்சு குகெனெய்ம் தலைமையிலான குழு மக்களின் உரையாடல்களைப் பதிவு செய்து, அடிக்கடி வழங்கும் சொற்களைத் தொகுத்தது. அதன் அடிப்படையில் சாக்ரெப் நகரின் பேத்தர் குபெரினா, பிரான்சின் போல் ரிவான் முதலியோர் உருவாக்கிய ‘பிரான்சின் குரல்களும் படிமங்களும்’ என்னும் பாடத்திட்டம் 1960களின் தொடக்கத்தில் வெளிவந்தது. நிலைப்படச் சுருளும் ஒலிநாடாவும் கொண்ட இத்திட்டத்தில் மொழிபெயர்ப்புக்கு இடமில்லை. பின்னர் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகப் பேராசிரியர் பியர் கப்ரெட்சு, 1987இல் ‘பிரெஞ்சு இன் ஆக்சன்’ என்னும் 52 பகுதிகள் கொண்ட தொலைக்காட்சித் தொடரை உருவாக்கினார். இராபர்ட் என்னும் அமெரிக்க இளைஞனும் மிரெய் என்னும் பாரிசு மாணவியும் சந்திக்கும் கதை வழியாக மொழி கற்பிக்கப்படுகின்றது. முழுதும் பிரெஞ்சிலேயே அமைந்த இத்தொடரின் ஆடைகளும் தொலைபேசிகளும் பழையனவாகிவிட்டபோதிலும், இடைநிலைக்கு ஏறிக்கொண்டிருப்பவருக்கு இன்றும் பயன்படக்கூடியது.

1984இல் தொடங்கிய டிவி5 தொலைக்காட்சி, பிரான்சு, பெல்சியம், சுவிட்சர்லாந்து, கனடா ஆகிய நாடுகளின் நிகழ்ச்சிகளை உலகெங்கும் கொண்டு சென்றது. 2005இல் யூடியூப் தொடங்கிய பின்னர் நிலைமை முற்றிலும் மாறியது. அதற்கு முன் சென்னையில் ஒரு பிரெஞ்சுத் திரைப்படத்தைக் காண அலியான்சு பிரான்சேசின் திரையிடலுக்குக் காத்திருக்க வேண்டும்.

அடிவரிகள்

சப்டைட்டில் எனப்படும் அடிவரிகளை எம்மொழியில் வைத்துக்கொள்வது என்பதே இம்முறையில் மிகுதியாக எழும் வினா. ஓல்கர் மிட்டரர், சேம்சு மெக்குவீன் ஆகியோர் 2009இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஓரளவு விடை தருகின்றது. இடச்சு மொழியினர் தமக்குப் பழகாத வட்டார ஆங்கிலத்தில் அமைந்த நிகழ்படங்களைப் பார்த்தனர். ஆங்கில அடிவரிகளுடன் பார்த்தோரின் செவி அவ்வழக்குக்கு நன்கு பழகியது. இடச்சு அடிவரிகளுடன் பார்த்தோருக்கு, புதிய சொற்றொடர்களைக் கேட்கும்போது அவ்வடிவரிகள் இடையூறாகவே அமைந்தன. இதைப் பிரெஞ்சுக்கும் பொருத்தினால், பிரெஞ்சு நிகழ்படத்துக்குப் பிரெஞ்சு அடிவரியே ஏற்றது. ஆங்கில அடிவரி கதையைப் புரியவைக்கும், காதைப் பழக்காது.

பிரெஞ்சு அடிவரிகள் தாராளமாகக் கிடைப்பதற்கு ஒரு சட்டம் காரணமாகும். 2005 பிப்ரவரி 11ஆம் நாளிட்ட மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டம், பிரான்சின் பெரிய தொலைக்காட்சிகள் தம் நிகழ்ச்சிகளைச் செவித்திறன் குறைந்தோர் பார்க்கும்படி அடிவரியிட வேண்டும் எனப் பணித்தது. காது கேளாதோருக்காக வந்த வசதி, காது பழகாதோருக்கும் உதவுகின்றது. எனினும் அடிவரியாளர்கள் பேச்சைச் சுருக்குவதும், விடுபட்ட ‘நெ’யை எழுத்தில் மீண்டும் சேர்ப்பதும் உண்டு. அயல்மொழிப் படங்களின் பிரெஞ்சு ஒலிச்சேர்க்கையைப் பார்ப்போர் மற்றொன்றையும் அறிய வேண்டும். குரல் கொடுப்பதற்கான மொழிபெயர்ப்பும் அடிவரிக்கான மொழிபெயர்ப்பும் தனித்தனியே செய்யப்படுவதால், கேட்பது ஒன்றும் படிப்பது ஒன்றுமாக இருக்கும். ஆனால் ஒலிப்பதிவுக் கூடத்தில் பேசப்படுவதால் ஒலிச்சேர்க்கைக் குரல்கள் தெளிவானவை. அடிவரியின்றிப் பார்க்கத் தொடங்குவோர், தமக்கு முன்பே கதை தெரிந்த ஆங்கிலப் படம் ஒன்றைப் பிரெஞ்சு ஒலியில் பார்க்கலாம்.

பிரான்சில் பிரெஞ்சு அடிவரிகளுடன் திரையிடப்படும் தமிழ்ப் படங்கள் இதன் மறுதலை. இங்கு காது வேலை செய்வதில்லை. ஆயினும் ‘இதைப் பிரெஞ்சில் எப்படிச் சொல்வார்கள்’ என்னும் வினாவுக்கு வசனத்துக்கு வசனம் விடை கிடைக்கின்றது.

பார்க்கும் முறை

பொழுதுபோக்காகப் பார்ப்பதும் கற்பதற்காகப் பார்ப்பதும் ஒன்றல்ல. கற்பதற்கு நீண்ட படத்தை விட மூன்று முதல் ஏழு மணித்துளி வரையிலான பகுதி ஏற்றது. முதல் முறை அடிவரியின்றிப் பார்த்து, புரிந்ததை மனத்தில் கொள்ள வேண்டும். இரண்டாம் முறை பிரெஞ்சு அடிவரியுடன் பார்த்தால், தெரியாத சொல் எது, தெரிந்திருந்தும் காதில் விழாத சொல் எது என்பது வேறுபட்டுத் தோன்றும். இடைநிலையில் இரண்டாம் வகையே எண்ணிக்கையில் மிகுதி என்பதைப் பலரும் வியப்புடன் காண்பர். அத்தகைய இடங்களை மட்டும் நிறுத்தி, திரும்பக் கேட்டு, உடன் சொல்லிப் பார்த்து, இறுதியாக மீண்டும் அடிவரியின்றிப் பார்க்க வேண்டும். ஒரு பகுதிக்கு அரைமணி நேரம் வரை செல்லலாம்.

இதற்குக் கட்டற்ற மென்பொருட்களே போதுமானவை. வி.எல்.சி. இயக்கி, குறித்த ஒரு பகுதியை மட்டும் சுழற்சியாக ஓட்டவும் வேகத்தைக் குறைக்கவும் உதவுகின்றது. இம்மென்பொருள் பாரிசின் எக்கோல் சந்த்ரால் பொறியியல் கல்லூரி மாணவர்களின் திட்டமாக 1996இல் தொடங்கியது என்பது இவ்விடத்தில் பொருத்தமான செய்தி. வேகத்தை நான்கில் ஒரு பங்குக்கு மேல் குறைத்தால் பேச்சின் தாளம் சிதைந்துவிடும். புதிய சொற்களை முழு வாக்கியமாகவும் ஒலித்துண்டுடனும் அங்கி போன்ற நினைவட்டை மென்பொருளில் சேர்த்துக்கொள்ளலாம்.

பார்க்கத் தகுந்தவை

ஆங்கிலப் படங்களை ஆராய்ந்த சுடுவர்ட் வெப், மைக்கேல் ராட்சர்சு ஆகியோர் 2009இல், மிகுதியாக வழங்கும் 3000 சொற்குடும்பங்களை அறிந்தவர் படங்களில் வரும் சொற்களில் ஏறத்தாழ 95 விழுக்காட்டை அறிவார் என்று கண்டனர். பிரெஞ்சில் அவ்வளவு சொற்களை எட்டாதவர் திரைப்படத்தில் தொடங்குவது சோர்வையே தரும். அவர் தமக்கு முன்பே தெரிந்த பொருள் பற்றிய நிகழ்ச்சியில் தொடங்கலாம்.

அறிவியல் படித்தவருக்கு ‘செ பா சோர்சியே’ என்னும் நிகழ்ச்சி சிறந்தது. 1990களில் தொடங்கி 2014 வரை பிரான்சு 3 தொலைக்காட்சிக்காக உருவாக்கப்பட்ட இந்நிகழ்ச்சியில், எரிமலை முதல் அணைக்கட்டு வரை அனைத்தும் சிறு மாதிரி வடிவங்களைக் கொண்டு விளக்கப்படுகின்றன. விளக்குபவர் சொல்லும் சொல்லும் சுட்டும் பொருளும் ஒரே நேரத்தில் கண்ணுக்கும் காதுக்கும் வருவதால் அகராதிக்குத் தேவை குறைகின்றது. நிகொலா பிலிபேரின் 2002ஆம் ஆண்டு ஆவணப்படமான ‘எத்ர் எ அவுவார்’, ஓவர்ன் பகுதியின் சிற்றூர்ப் பள்ளி ஒன்றைக் காட்டுகின்றது. ஆசிரியர் சிறுவர்களுடன் நிதானமாகப் பேசுவதால் பி1 நிலையினருக்கு இதைவிட ஏற்ற படம் அரிது. 2008இல் கான் விழாவில் தங்கப்பனை விருது பெற்ற லோரான் காந்தேயின் ‘ஆந்த்ர் லே மூர்’ படமும் வகுப்பறைப் படமே. ஆனால் அதன் பாரிசு மாணவர்கள் விரைந்தும் ஒருவர் பேச்சில் மற்றவர் குறுக்கிட்டும் பேசுவதால் அது பி2 நிலைக்கு உரியது. இவ்விரு படங்களையும் அடுத்தடுத்துப் பார்ப்பவர் தமது நிலையைத் தாமே அறிவார்.

1999 முதல் 2003 வரை பிரான்சு 2 ஒளிபரப்பிய ‘அன் கா, யூன் ஃபீ’ என்னும் இணையர் நகைச்சுவைத் தொடர் வீட்டுப் பேச்சுக்கு நல்ல மாதிரி. இணையத்தில் டிவி5மொந்து நிறுவனத்தின் கற்றல் தளம் நிலைவாரியான பயிற்சிகளை இலவசமாகத் தருகின்றது. 2017இல் தொடங்கிய ‘இன்னர் பிரெஞ்சு’ இடைநிலையினருக்காகவே நிதானமாகப் பேசுகின்றது. நிதானமான பேச்சிலேயே தங்கிவிடுவதும் ஓர் ஆபத்து.

ஈழத்து எழுத்தாளர் சோபாசக்தி நடித்து, 2015இல் தங்கப்பனை விருது பெற்ற ஃசாக் ஓடியாரின் ‘தீபன்’ தமிழ் கற்போருக்குத் தனிச் சிறப்புடையது. பெரும்பகுதி தமிழிலும் எஞ்சியது பிரெஞ்சிலும் அமைந்த இப்படத்தில், குடியிருப்புக் காவலராக வரும் நாயகன் மொழி தெரியாமல் தடுமாறுவதும், பள்ளிக்குச் செல்லும் சிறுமி பெரியவர்களை முந்திக்கொண்டு மொழியைப் பற்றிக்கொள்வதும் காட்டப்படுகின்றன. புறநகர் இளைஞரின் பேச்சில் அசைகளை முன்பின்னாக மாற்றும் வெர்லான் வழக்கையும் கேட்கலாம். அவ்வழக்கைப் புரிந்துகொள்வது போதும், அலுவலகத்தில் பேச முயல வேண்டியதில்லை.

கியூபெக் செல்ல விரும்புவோர் பாரிசு நிகழ்ச்சிகளை மட்டும் பார்த்தல் போதாது. அங்கு ‘து’, ‘தி’ ஒலிகள் ‘ட்சு’, ‘ட்சி’ என ஒலிக்கின்றன. பிரான்சில் இரவு உணவைக் குறிக்கும் ‘தினே’ அங்கு நண்பகல் உணவைக் குறிக்கும். கனடாவின் பொது ஒலிபரப்பு நிறுவனம் தன் நிகழ்ச்சிகளைக் கொண்டே உருவாக்கிய ‘மோரில்’ என்னும் இலவசக் கற்றல் செயலி 2021இல் வெளியானது.

வரம்புகள்

பார்த்தால் மட்டும் பேச்சு வரும் என்பது மிகைக் கூற்று. கனடாவில் 1965இல் மொன்ட்ரியால் அருகே செயின்ட் லாம்பர்ட்டில் தொடங்கிய முறையில், ஆங்கிலக் குடும்பத்துச் சிறுவர் எல்லாப் பாடங்களையும் பிரெஞ்சிலேயே பயின்றனர். பல ஆண்டுகளுக்குப் பின் அத்தகைய மாணவரின் கேட்டல் திறன் பிரெஞ்சுச் சிறுவருக்கு நெருங்கியிருந்தது. ஆனால் பேச்சிலும் எழுத்திலும் இலக்கணப் பிழைகள் நீங்கவில்லை. மெரில் சுவெய்ன் 1985இல் இதைச் சுட்டிக்காட்டி, தாமே வாக்கியங்களை உருவாக்கும் கட்டாயம் இல்லாவிடில் கேட்டல் மட்டும் போதாது என்று வாதிட்டார். ஆசிரியர் முன் ஆண்டுக்கணக்கில் அமர்ந்தோர் நிலை இதுவாயின், திரை முன் அமர்ந்தோர் நிலையைக் கூற வேண்டியதில்லை. பார்த்த பகுதியைத் தம் சொற்களில் இரண்டு மணித்துளி பேசிப் பதிவு செய்து கேட்பது எளிய மாற்று. பதிவைத் திருத்தித் தர ஒருவர் அமைந்தால் மேலும் நன்று.

எண்களும் தனிப் பயிற்சியை வேண்டுவன. பிரான்சில் 70 என்பது ‘அறுபது-பத்து’, 80 என்பது ‘நான்கு-இருபது’, 97 என்பது ‘நான்கு-இருபது-பதினேழு’ என வழங்குகின்றது. செய்தியில் 1997 என்னும் ஆண்டை மனத்தில் கூட்டி முடிப்பதற்குள் அடுத்த செய்தி தொடங்கிவிடும். சுவிட்சர்லாந்து, பெல்சியம் ஆகிய நாடுகளின் செய்திகளில் 70, 90 ஆகியவற்றுக்கு எளிய தனிச்சொற்கள் வழங்குகின்றன.

தேர்வு எழுதுவோர் மதிப்பெண் பகிர்வையும் நோக்க வேண்டும். டெல்ஃப் பி1, பி2 தேர்வுகளில் கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் ஆகிய ஒவ்வொன்றுக்கும் 25 மதிப்பெண்கள். மொத்தம் நூற்றுக்கு 50 பெற்றால் தேர்ச்சி. ஆனால் ஏதேனும் ஒரு பகுதியில் 5க்குக் குறைந்தால் மொத்தம் எவ்வளவாயினும் தேர்ச்சி இல்லை. பேச்சில் மறைந்த அதே ‘நெ’யைத் தேர்வுத் தாளில் எழுதியே ஆக வேண்டும். நிகழ்படம் பார்த்துப் பழகியவர் அதைப் பெரும்பாலும் விட்டுவிடுவதால், அதற்கு மட்டும் அவர் மீண்டும் பாடநூலைத் திறக்க வேண்டியுள்ளது.